இரும்புக்கடைக்குப் போக இருந்த சைக்கிள்

"முந்நூறு ரூபா தர்றேன், தூக்கிட்டுப் போயிடறேன்!"

வாசலில் நின்ற பழைய இரும்புக்காரர் சொன்ன விலை இது. எதற்கு என்கிறீர்களா? எங்கள் மாட்டுக் கொட்டகையின் மூலையில், வைக்கோலுக்கும் உடைந்த குதிருக்கும் நடுவே பல வருஷமாகச் சாய்ந்து கிடந்த ஒரு சைக்கிளுக்கு.

உண்மையைச் சொல்லி விடுகிறேன். நானும் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். பொங்கலுக்கு வீடு ஒழித்துக்கொண்டிருந்த நேரம். டயர் வெடித்து நூல் நூலாகத் தொங்கியது. சக்கரத்தில் கம்பிகள் ஒடிந்து கிடந்தன. பெயிண்ட் உரிந்து, உரிந்த இடமெல்லாம் துரு. கோழி அதன் கேரியரில் அடைந்து பழகி, அது வேறு அசிங்கம். முந்நூறு ரூபாய் வந்தால் வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக்காவது ஆகுமே என்று கணக்குப் போட்டேன்.

அப்போது அத்தை - என் மாமியார் - திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் பக்கத்தில் போய் நின்று மணியின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். 'கர்ர்' என்று தொண்டை கட்டிய மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இன்னும் கொஞ்சம் பேசுது," என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்து விட்டார்.

இரும்புக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கம். பெண் ஒன்பதாம் வகுப்பு. எட்டாவது வரை உள்ளூரிலேயே படித்தாள். ஒன்பதாவதுக்கு 5 கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் டவுன் பஸ் இருக்கிறது. சாயங்காலம்தான் சங்கடம். நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறே முக்காலுக்கு. பள்ளிக்கூடத்திலோ கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் ஐந்தரை மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள்.

"இருட்டுக்குள்ள பொம்பளைப் புள்ளை பஸ் ஸ்டாப்புல நிக்க வேணாம். அந்தக் கிளாஸை விட்டுடச் சொல்லு," என்றார் என் கணவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். எந்த நேரம் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. போய் அழைத்து வர ஆள் இல்லை. ஆனால் பெண் கணக்கில் எடுத்திருந்த மார்க் 38. கிளாஸை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கணக்கில் பின்தங்கித்தான் பத்தாவதோடு நின்றவள்.

அரசாங்கம் கொடுக்கும் விலையில்லா சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கும். புது சைக்கிள் விலை கேட்டால் ஆறாயிரம், ஏழாயிரம் என்றார்கள். ஆட்டோவுக்குத் தவணை கட்டவே மூச்சு முட்டுகிறது. இந்த நிலைமையில்தான் அத்தை அந்த மணியை அடித்தார்!

அத்தை சொன்ன கதை

நான் கரூர்ப் பக்கத்துப் பெண். வாக்கப்பட்டு வந்தபோதே சைக்கிள் கொட்டகைக்குப் போய்விட்டது. அது மாமாவுடையது என்றுதான் நினைத்திருந்தேன். ஆண்கள் ஓட்டும், பார் வைத்த சைக்கிள் அல்லவா! அன்று ராத்திரி அத்தையிடம் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது.

1991ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ராத்திரியில் விளக்கு வைத்துப் பாடம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு நில்லாமல், பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வயல்வேலைக்காரர், கல்குவாரித் தொழிலாளி, டீச்சர், நர்ஸ், அங்கன்வாடி ஊழியர் என்று வித்தியாசமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் கூடி விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்களாம். 1992 மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துப் போயிருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். சைக்கிள் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது அவர் தரும் கணக்கு. அந்தக் கட்டுரை வடநாட்டுப் பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் பல வருஷம் பாடமாகவே இருந்தது. பாருங்கள், டில்லிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை, அதே வீட்டில் பதினாறு வருஷம் சோறு பொங்கிய எனக்குத் தெரியவில்லை!

"அப்ப லேடீஸ் சைக்கிளுக்கு ஏகக் கிராக்கி. கெடைக்காது. நாங்க யாரு விட்டா? ஆம்பளை சைக்கிள்லயே ஏறிட்டோம். அதுல ஒரு சவுகரியம் இருக்குத்தா. முன்னாடி பார்ல சின்ன சீட்டுப் போட்டா புள்ளையை உட்கார வச்சுக்கலாம்!" என்றார் அத்தை.

அத்தை அப்போது கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். கூலியில் மிச்சம் பிடித்து, 400 ரூபாய்க்குத் தவணையில் இந்த சைக்கிளை வாங்கியிருக்கிறார். "பொம்பளை சைக்கிள் விட்டா ஊர் சிரிக்கும்" என்று மாமா மூன்று நாள் சாப்பிடவில்லையாம். நாலாவது மாதம், பாரில் குழந்தை சீட்டைப் பொருத்திக் கொடுத்தவரும் அவரேதானாம்! கேரியரில் ஏழு வயசுப் பையனாக என் கணவர், பாரில் நாத்தனார், கைப்பிடியில் தண்ணீர்க் குடம். இப்படித்தான் குடித்தனம் ஓடியிருக்கிறது.

கதை கேட்டுக்கொண்டிருந்த என் பெண் சொன்னாள்: "அம்மா, இதை நாம சரி பண்ணுவோம்!"

முதலில் எலும்பைப் பார்க்க வேண்டும்

பழைய பொருளைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பெயிண்ட் கடைக்கு ஓடக்கூடாது. எலும்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைத்தெரு மெக்கானிக் தம்பியிடம் காட்டினேன். அவர் பிரேமின் மூட்டுகளைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்பேனரால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்தார். முன் போர்க்கு வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோட்டம் பார்த்தார்.

"பிரேம் கல்லு மாதிரி இருக்குக்கா. பிரேம் ஒடையலேன்னா சைக்கிள் சாகல. வீலை நான் பாத்துக்கறேன். பெயிண்ட் வேலைக்கு ஆளு வச்சா ஆயிரத்துக்கு மேல கேப்பாங்க. நீங்களே பண்ணிடுங்க," என்றார்.

நானா? கோலப்பொடி தவிர வேறெந்த வண்ணமும் தொட்டறியாதவள்!

எங்கள் ரோட்டில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை ஒன்று உண்டு. 2014லேயே உற்பத்தி நின்று போன அம்பாஸிடர் கார்களைக்கூட அங்கே கொண்டு வந்து மெருகேற்றி ஓட்டிப் போகிறார்கள். அந்தப் பெரியவரிடம் போய், "ஐயா, மிச்சம் மீதி கார் பெயிண்ட் இருந்தால் கொடுங்களேன்," என்று கேட்டேன்.

"அது வேணாம் தாயி," என்றார் உடனே. "அதுல ஹார்டனர் ஊத்திக் கம்ப்ரஸர் வச்சு அடிக்கணும். பொகை மாதிரிப் பறக்கும். அதுக்குண்டான மாஸ்க் இல்லாம வீட்டுல அடிச்சா நுரையீரலுக்குக் கெடுதல். சைக்கிளுக்குச் சாதா எனாமலும் பிரஷும் போதும். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. காரானாலும் சைக்கிளானாலும் பெயிண்டோட ஆயுசு டப்பாவுல இல்லே. தேய்க்கிறதுல இருக்கு."

அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

சீட், சக்கரம், செயின், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி விட வேண்டும். கழற்றிய நட்டு போல்ட்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு, எது எங்கே என்று சீட்டு எழுதி வைத்தேன். பிரேமைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது.

பிறகு வாட்டர் பேப்பர். முதலில் 120 நம்பர், அப்புறம் 220. பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் பளபளப்புப் போனால் போதும். துருவேறிய இடத்தில் மட்டும் இரும்பு தெரிகிற வரை தேய்க்க வேண்டும். தேய்த்த இரும்பை ஈரத்தோடு விட்டால் மறுநாளே மஞ்சள் துரு பூத்து விடும். உடனே துடைத்து வெயிலில் காய வைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி விட வேண்டும். மறுநாள் 400 நம்பர் தாளால் லேசாகத் தடவி, எனாமலை மெல்லியதாக இரண்டு தரம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருநாள் காய வேண்டும். ஒரே தரமாகக் கனமாகப் பூசினால் வழிந்து கண்ணீர் விட்ட மாதிரி நிற்கும். என் முதல் மட்கார்டு அப்படித்தான் அழுதது!

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டமே 2016ல்தான் வந்து, 2017 நவம்பரிலிருந்து அமலாகியது. அதற்கு முன்னால் பூசியதில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது! ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது.

ஆகவே பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். தூசி பறக்காது. நான் வெளியே வேப்பமரத்தடியில் பழைய தார்ப்பாயை விரித்து அதன் மேல் செய்தேன். ஓரகத்தியின் கைக்குழந்தையை அந்தப் பக்கமே வரவிடவில்லை. மூக்கில் மாஸ்க். வேலை முடிந்ததும் சேறு மாதிரிச் சேர்ந்ததைத் துணியால் வழித்துக் கட்டி எடுத்து விட்டேன். வாசலில் கொட்டிக் கோழி மேய விடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தப் புடவையையும் தனியாகத்தான் துவைத்தேன். மண்ணெண்ணெய், தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும்.

நான் செய்த தப்பு

மூன்றாம் நாள் செயின் கார்டை எடுத்தேன். அதில்தான் துரு அதிகம். சீக்கிரம் முடித்து விடலாம் என்று 120 நம்பரைப் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனேன். பாதி தூரம் போன பிறகுதான் கண்ணில் பட்டது. அழுக்குக்குக் கீழே வெள்ளையாக ஏதோ எழுத்து!

தண்ணீர் விட்டுக் கழுவினேன். கோணல் மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் பெயிண்டில் எழுதிய எழுத்து. அத்தையின் பெயர். ஐந்தெழுத்துப் பெயரில் கடைசி மூன்று எழுத்துத்தான் மிச்சம். முதல் இரண்டு எழுத்தும் என் கையால் சேறாகிப் போயிருந்தன.

அத்தையைக் கூப்பிட்டேன். குரல் எழும்பவில்லை.

அவர் வந்து பார்த்தார். "அறிவொளியில பேரு எழுதக் கத்துக்கிட்டேன்ல? ஸ்லேட்டுல எழுதுனா அழிஞ்சுடுது. ஒங்க மாமா மாட்டுக் கொம்புக்குப் பெயிண்டு வாங்கி வச்சிருந்தாரு. அதை எடுத்து வேப்பங்குச்சியால எழுதுனேன். அழியாத எடத்துல எழுதுனது அதுதான் மொதோ தடவை," என்றார்.

எனக்குக் கண் நிறைந்து விட்டது. "தெரியாமத் தேச்சிட்டேன் அத்தை..."

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெண் விஷயத்தைக் கேட்டு, "அப்படியே விட்டுடலாம்மா. சித்தன்னவாசல்ல தாமரைக்குளம் ஓவியம் பாதிதான் இருக்கு. அதுக்கு மேல யாரும் புதுசா பெயிண்ட் அடிக்கலையே. இருக்கறதைப் பாதுகாக்கத்தானே செய்றாங்க?" என்றாள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் குகைக்கோயிலுக்கு அவர்களைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போயிருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் அது.

அத்தை சிரித்துவிட்டார். "அடி போடி! அதை வரைஞ்சவுக இப்ப இல்லே. அதனால தொடக்கூடாது. நான் இருக்கேன்ல? அந்தப் பிரஷைக் கொடு."

மீதி மூன்று எழுத்தை விட்டுச் சுற்றிலும் நான் பச்சை பூசினேன். காய்ந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்து, போன இரண்டு எழுத்தையும் அத்தையே எழுதினார். கை நடுங்கியது. பழைய மூன்று எழுத்தை விடப் புது இரண்டும் இன்னும் கோணல். இருக்கட்டுமே! (அத்தையின் பெயரை இங்கே எழுதவில்லை. பத்திரிகையில் போட்டால் வெட்கப்படுவார்.)

சக்கரம் சுழன்றது

சக்கர வேலை மெக்கானிக் தம்பியுடையது என்றாலும் நானும் கூட இருந்தேன். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் பின்னால்தானே அதிகம்! 7 கம்பி மாற்ற வேண்டியிருந்தது. சக்கரத்தைச் சுழல விட்டு, ரிம் ஓரத்தில் சாக்பீஸை ஆடாமல் பிடித்தார். கோணிய இடம் மட்டும் வந்து சாக்பீஸில் உரசும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் நகர்ந்து நேராகிறது. இதற்குப் பெயர்தான் பெண்டு எடுப்பது. பழைய பால்ரஸ் குண்டுகளை மாற்றிப் புது கிரீஸ் வைத்தார்.

ரிம்மின் துருவுக்கு என் சமையலறை வைத்தியம். கெட்டியாகக் கரைத்த புளியும் உப்பும் தடவிப் பத்து நிமிஷம் ஊற விட்டு, சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி அதனால் தேய்த்தேன். முலாம் கீறாமல் துரு மட்டும் வந்தது. பிறகு நன்றாகக் கழுவித் துடைத்தேன். புளிப்பை இரும்பில் அப்படியே விட்டால் மறுபடி துருப்பிடிக்கும், ஜாக்கிரதை! முலாம் உரிந்து போன இடம் திரும்பி வராது. அங்கங்கே கறுப்புப் புள்ளியாக இருக்கத்தான் செய்கிறது. ரிம்முக்குள் கம்பி முனை ட்யூபைக் குத்தாமலிருக்கப் போடும் பட்டையை, பழைய வேட்டிக் கரையை இரண்டாக மடித்துத் தைத்து நானே போட்டேன்.

கணக்குக் கேட்பீர்கள். டயர் இரண்டு 640, ட்யூப் இரண்டு 280, கம்பி 35, செயின் 160, பிரேக் கட்டை 60, கிரீஸும் பால்ரஸும் 80, பிரைமர் 90, எனாமல் 110, வாட்டர் பேப்பர் 90, பிரஷ் 40, தின்னர் 50, சீட் கவர் 90, மெக்கானிக் கூலி 400. ஆகமொத்தம் 2,125 ரூபாய். மூன்று மாதம் சீட்டுப் பணத்திலிருந்து ஒதுக்கியது.

இருந்தாலும் இவர் சம்மதிக்க வேண்டுமே! "ரோட்டுல லாரி போற வேகத்துக்கு..." என்று இழுத்தார். அத்தை குறுக்கே பேசவில்லை. செயின் கார்டை மட்டும் காட்டி, "இதுல பின்னாடி உக்காந்து பள்ளிக்கூடம் போனது யாருடா?" என்று கேட்டார். மறுநாள் இவரே கடைக்குப் போய்ப் பின் மட்கார்டில் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் முன்னால் மாட்டும் விளக்கும் வாங்கி வந்தார். அது என் கணக்கில் சேராது!

இப்போது ஐந்தரைக்கு வகுப்பு முடிந்து, கூடப் படிக்கும் இரண்டு பிள்ளைகளோடு ஆறு மணிக்கெல்லாம் வீடு வந்து விடுகிறாள். போன பரீட்சையில் கணக்கில் 61. தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டதும் அத்தை திண்ணையில் நிமிர்ந்து உட்காருவார். மணிக்கு இப்போது தொண்டை சரியாகி விட்டது.

அந்த இரும்புக்காரர் போன மாதம் மறுபடி வந்தார். "அக்கா, அந்த சைக்கிள்..." என்றார்.

"பள்ளிக்கூடம் போயிருக்கு," என்றேன்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் பரணிலும் துருப்பிடித்து ஏதாவது கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் துடைத்துப் பாருங்களேன். யார் கையெழுத்து அதில் இருக்கிறதோ!

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் நானும் விழுந்து எழுந்து கொண்டிருக்கிறேன். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு வருவது என் பெண். "கீழே பாக்காதே தாயி, நேரா பாரு!" என்று வரப்பில் நின்று சத்தம் போடுவது அத்தை.